காலணாப் புத்தகம்

நமது இளம் பிராயத்தில் வீட்டில் புத்தகங்களுக்கு இரண்டு இருப்பிடங்கள் இருந்தன. கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி, அது தாத்தாவுடையது. கம்பராமாயணம், பரிமேலழகர் உரையுடன் திருக்குறள், டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூறு முதலிய நூல்கள் அதில் கெட்டி அட்டைக் கட்டடத்துடன் கம்பீரமாக வரிசையில் நின்றன. அலமாரியின் சாவி தாத்தாவின் இடுப்பில் இருக்கும். சமையலறையை ஒட்டிய இருட்டறையில் ஒரு தகரப் பெட்டி, அது பாட்டியுடையது. அதற்குப் பூட்டு இல்லை. மஞ்சள், பச்சை, ரோஜா நிற மெல்லிய காகிதம் மேலே ஒட்டிய சின்னஞ்சிறு புத்தகங்கள் அதில் நாற்பது ஐம்பது கிடந்தன. திறந்தால் பெருங்காய வாசனை வீசும்.

வேடிக்கை என்னவென்றால், பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. பகல் சாப்பாடு முடிந்து, தாத்தா திண்ணையில் கண்ணயர்ந்ததும், பெட்டி திறக்கும்.

“டேய் ராசா, இந்த நல்லதங்காளைக் கொஞ்சம் வாசியேன். நேற்று எந்த இடத்தில் விட்டாய்?”

நேற்று எந்த இடத்தில் விட்டோம் என்பது பாட்டிக்கு நன்றாகத் தெரியும். நாம் ஒரு சீரை விழுங்கினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அண்டை வீட்டுப் பெண்மணிகள் இரண்டு மூன்று பேர் முறத்துடனோ தேங்காய் நாருடனோ வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நல்லதங்காள் தன் ஏழு குழந்தைகளையும் கிணற்றில் எறியும் கட்டம் வரும்போது, பல முறை கேட்ட கதைதான் என்றாலும், எல்லாருடைய முந்தானையும் கண்ணுக்குப் போகும். தாத்தா விழித்துக்கொண்டால், “மறுபடியும் குஜிலிக் குப்பையா?” என்று ஓர் அதட்டல் கேட்கும். சபை கலைந்துவிடும்.

சுமார் அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது. அந்தக் குப்பையைப் பற்றித்தான் இவ்வாரம் வாசகர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

குஜிலிக் கடைத்தெரு

சென்னைப் பட்டணத்தில் கோட்டைக்கு வடக்கே, ஜார்ஜ் டவுன், பார்க் டவுன் என்று வழங்கும் நெருக்கமான பகுதியில், மாலை வேளையில் கூடும் கடைத்தெரு ஒன்று இருந்தது. குஜிலி பஜார் என்பது அதன் பெயர். பழைய சாமானும் மலிவுச் சாமானும் அங்கே கிடைக்கும். திருட்டுச் சாமானும் கிடைக்கும் என்று சொல்வார்கள். அந்தத் தெருவைச் சுற்றி எழுந்த சிறிய அச்சுக்கூடங்களிலிருந்து வெளிவந்த மலிவான பாட்டுப் புத்தகங்களுக்கும் கதைப் புத்தகங்களுக்கும் ‘குஜிலிப் பிரசுரம்’ என்று பெயர் வந்தது. பிறகு மதுரையில் அச்சானாலும் சரி, வேறு ஊரில் அச்சானாலும் சரி, மலிவுப் புத்தகமெல்லாம் குஜிலியாகவே அழைக்கப்பட்டது. ‘காலணாப் பாட்டுப் புத்தகம்’ என்றும் சொல்வதுண்டு. பதினாறு அணா ஒரு ரூபாய் ஆகையால், ஒரு ரூபாய்க்கு இத்தகைய புத்தகங்கள் அறுபத்து நான்கு வாங்கலாம் என்று கணக்கு.

தமிழில் அச்சு மிகப் பழையது. கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டிலேயே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூல் அச்சாகிவிட்டது. ஆனால் அதன் பிறகு நெடுங்காலம் வரை அச்சு இயந்திரம் பாதிரிமார்களிடமும் கும்பெனியாரிடமுமே இருந்தது. 1835-இல் மெட்காப் காலத்துச் சட்டம் வந்து, அச்சின் மீதிருந்த பழைய கட்டுகளைத் தளர்த்தியது. அதன் பின்னரே நம்மவர்கள் தாராளமாக அச்சுக்கூடம் வைக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அதன் பலன் இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு பக்கம், ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெரியோர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் நமக்கு மீட்டுத் தந்தார்கள். மற்றொரு பக்கம், அதே ஆண்டுகளில், அதே பட்டணத்தில், தெருவில் பாடியதெல்லாம் அச்சேறி மறுபடியும் தெருவுக்கே போயிற்று. முதற் கிளையின் சரித்திரத்தை நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். இரண்டாவது கிளைக்குச் சரித்திரம் உண்டென்பதே பலருக்குத் தெரியாது.

எட்டுப் பக்கத்தில் ஓர் உலகம்

காலணாவுக்குப் புத்தகம் கட்டுப்படியானது எப்படி? ஒரு முழுத் தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இதழ்கள், பதினாறு பக்கங்கள் கிடைக்கும். பாதித் தாளானால் எட்டுப் பக்கம். தைக்க வேண்டாம், கட்டடம் வேண்டாம். தேய்ந்த எழுத்து, பழுப்புக் காகிதம், மேலே ஒரு வர்ணத்தாள். மரக்கட்டையில் செதுக்கிய ஒரு சித்திரமும் உண்டு. பாட்டியின் பெட்டியில் ஒரே ராஜா மூன்று புத்தகங்களின் அட்டையில் மூன்று வெவ்வேறு பெயருடன் விளங்கியது நமக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஆசிரியருக்குக் கிடைத்த ஊதியம் மிகச் சொற்பமாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் பல புத்தகங்களின் முகப்பில் இயற்றியவர் பெயர், ஊர், குருநாதர் பெயர் எல்லாம் பெருமையுடன் அச்சிடப்பட்டிருக்கும்.

கதைப் புத்தகங்களில் ‘பெரிய எழுத்து’ என்று ஒரு வகை. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, தேசிங்குராஜன் கதை, மதுரைவீரன் கதை, விக்கிரமாதித்தன் கதை முதலியவை இவ்வகையில் வந்தன. எழுத்து ஏன் பெரிது? வாசிப்பவர் புதிதாக எழுத்துக் கூட்டக் கற்றவர். வாசிப்பது எண்ணெய் விளக்கின் ஒளியில். கேட்பவர் பத்துப் பேர். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சென்னை மாகாணத்தில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட எழுத்தறிவு இல்லை; பெண்களிடையே நூற்றுக்கு ஒருவர் தேறுவதே அரிதாயிருந்தது. அத்தகைய நாட்டில் ஒரு புத்தகம் கண்ணால் படிக்கப்படுவதைவிடக் காதால் படிக்கப்படுவதே அதிகம். பெரிய எழுத்துப் புத்தகத்தை அச்சிட்டவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். நம் வீட்டு இருட்டறையில் நடந்ததும் அதுவேயன்றோ!

பாட்டுப் புத்தகங்களின் தந்திரமும் இதனையொத்ததுதான். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ஏற்கெனவே பிரபலமான ஒரு பாட்டின் பெயரைச் சொல்லி, ‘என்ற மெட்டு’ என்று போட்டிருக்கும். சங்கீத ஞானம் வேண்டியதில்லை. பழைய மெட்டு வாயில் இருக்கிறது. புதிய சொற்களை அதில் ஏற்றிவிட வேண்டியதுதான். சிந்து, கும்மி, தெம்மாங்கு, லாவணி, ஆனந்தக் களிப்பு, ஒப்பாரி ஆகிய எல்லா உருவங்களும் இதற்குப் பயன்பட்டன. நாற்று நடும்போதும் ஏற்றம் இறைக்கும்போதும் கோயில் வாசலில் கும்மியடிக்கும்போதும் நம் மக்கள் எவற்றைப் பாடினார்களோ, அவையே அச்சு யுகத்தின் வாகனங்களாயின.

அந்த வாகனங்களில் ஏறிய பொருள்களோ எண்ணிறந்தவை. 1876 முதல் 1878 வரை லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன தாது வருஷப் பஞ்சம் கும்மியாயிற்று. 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட புகைவண்டி நாடெங்கும் கிளை விட்டதும், ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பெயர் சொல்லிக்கொண்டு போகும் வழிநடைச் சிந்தாயிற்று. புயல், வெள்ளம், தீ விபத்து, கப்பல் மூழ்கியது, பெயர் பெற்ற கொள்ளைக்காரன் பிடிபட்டது, கொலை வழக்கில் தீர்ப்பானது ஆகிய எல்லாம் பாட்டாயின. செய்தித்தாள் வாங்கக் காசும் இல்லாமல், வாங்கினாலும் அதன் நடை விளங்காமல் இருந்த குடும்பங்களுக்கு உலக நடப்பு இவ்விதமாகத்தான் வீட்டுக்குள் வந்தது.

விற்பனைக்காரரின் வித்தை

இப்புத்தகங்கள் கடையில் மட்டும் விற்கவில்லை. சந்தை, திருவிழா, ரயில் வண்டி, நாடகக் கொட்டகை வாசல் ஆகியவையே இவற்றின் உண்மையான கடைகள். நமது ஊர்ச் சந்தைக்கு வருவார் ஒருவர். தோளில் துணிப்பை, கையில் டேப்பு, காலில் செருப்பில்லை. புளியமரத்தடியில் நின்று டேப்பைத் தட்டி நாலு அடி பாடுவார். கூட்டம் சேர்ந்ததும் கதையை ஆரம்பிப்பார். பெரும்பாலும் கொலைச் சிந்துதான். எந்த ஊர், எந்தத் தெரு, யாருக்கும் யாருக்கும் பகை என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவார். அரிவாள் ஓங்கும் சமயத்தில் டேப்பு சட்டென்று நின்றுவிடும்.

“மிச்சம் புத்தகத்திலே இருக்கு, அம்மா! பத்துப் பைசாதான்!”

இந்த இடத்தில் வாங்காமல் திரும்புவதற்குக் கல் நெஞ்சம் வேண்டும். பிற்காலத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டார்களே, அந்த வித்தைக்கு மூலபுருஷர் இந்தப் புளியமரத்தடிக்காரர் என்றே நாம் கருதுகிறோம்.

கற்றோர் முகம் சுளித்தது

கற்றவர்கள் இவற்றை வெறுத்தார்கள். ‘குஜிலி’ என்னும் சொல் கடைத்தெருவின் பெயர் என்ற நிலை மாறி, வசைச் சொல்லாயிற்று. பிழை மலிந்த அச்சு, யாப்புக்கு அடங்காத பாட்டு, கொச்சை மொழி, கீழான ரசனை என்பன குற்றச்சாட்டுகள். அவை முற்றிலும் பொய்யென்று நாம் வாதிக்கப்போவதில்லை. எழுத்துப் பிழையில்லாத பக்கத்தைத் தேடவேண்டியிருக்கும் புத்தகங்கள் உண்டு. மாமியார் மருமகள் சண்டையை வைத்துப் பெண்ணினத்தையே பழிக்கும் பாட்டுகள் உண்டு. சாதிப் பகையைத் தூண்டியவையும், குடும்பத்துடன் உட்கார்ந்து படிக்கத் தகாதவையும் உண்டு. புகழேந்திப் புலவர் கனவிலும் அறியாத கதைகளை அவர் தலையில் கட்டிய துணிச்சலும் உண்டு.

இந்த முகச்சுளிப்பு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கல்கத்தாவில் ‘பட்தலா’, அதாவது ஆலமரத்தடி, என்ற பகுதியில் இதே போன்ற மலிவு அச்சுக்கூடங்கள் பெருகின. வங்காளத்துக் கனவான்களும் அவற்றை இகழ்ந்தார்கள். ஆனால் ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் மட்டும், ஜனங்கள் என்ன படிக்கிறார்கள் என்று அறியாமல் ஜனங்களை அறிய முடியாது என்று உணர்ந்தவர். வங்காளி அச்சுக்கூடங்களைப் பற்றிக் கணக்கெடுத்து 1859-இல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ‘நீல தர்ப்பணம்’ என்னும் நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861-இல் சிறைக்குச் சென்றவரும் இதே லாங் பாதிரியார்தாம். ஏழைகளின் புத்தகங்களை மதித்தவர் ஏழைகளின் துயரத்துக்காகச் சிறை சென்றது தற்செயலாக இராது.

நாம் சொல்ல விரும்புவது இதுதான்: ஒரு வயலைக் களையைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. பள்ளிக்கூடம் எட்டிப் பாராத தெருக்களில், எழுத்து என்பது நமக்கும் உரியது, புத்தகம் என்பது நம் காசுக்கும் கிடைப்பது என்னும் எண்ணத்தை முதன்முதலில் விதைத்தவை இந்தக் காலணாப் புத்தகங்கள். தம் நூல்கள் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போலச் சர்வ சாதாரணமாக வீடுதோறும் விலையாக வேண்டும் என்று பாரதியார் 1920-இல் ஆசைப்பட்டார். மறு ஆண்டே அவர் மறைந்தார். அவர் காலத்தில் அவ்வாசை நிறைவேறவில்லை. ஆனால் தீப்பெட்டியைப் போலப் புத்தகம் விற்கும் வழியைக் குஜிலிக்காரர்கள் அதற்கு முன்பே கண்டிருந்தார்கள்.

சந்தையில் சுதந்திரம்

தேசீய இயக்கம் அந்த வழியைக் கண்டுகொண்டதில்தான் இவ்விஷயத்தின் சிகரம் இருக்கிறது.

1907-இல் பாரதியாரின் தேசீயப் பாடல்களைக் கேட்டு உள்ளம் உருகிய வி. கிருஷ்ணசாமி ஐயர், தாம் மிதவாதியாக இருந்தும், ‘சுதேச கீதங்கள்’ என்று சில பாடல்களைச் சிறு பிரசுரமாக 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். நான்கே பக்கம்! மகாகவியின் பாட்டு முதன்முதலில் பெருவாரியான ஜனங்களிடம் சென்றது தெருப் பிரசுரத்தின் உருவத்தில்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

1919-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின்னர் வெள்ளம் கரை புரண்டது. பஞ்சாப் துயரம், காந்தி மகான், கதர், ராட்டினம், கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி பகிஷ்காரம் ஆகிய அனைத்தும் பழைய மெட்டுகளில் ஏறின. நேற்று வரை கொலைச் சிந்து விற்றவர் இன்று காந்தி சிந்து விற்றார். நாடக மேடையும் துணை நின்றது. வள்ளி திருமணத்தில் முருகனாக வரும் நடிகர், தினைப்புனத்தில் கொக்கை விரட்டும் பாட்டில் வெள்ளையனை விரட்டுவார். கொட்டகை அதிரும். போலீஸ்காரர் எழுதிக்கொள்வார். தியாகி விசுவநாததாஸ் அவ்விதம் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, சென்னை ராயல் நாடகக் கொட்டகையில், மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில் அவர் உயிர் பிரிந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் மேடைக்கு எழுதிய பாட்டுகள் மறு நாளே சிறு புத்தகங்களாகக் கொட்டகை வாசலை அடைந்தன. அங்கிருந்து ஊர் ஊராகப் பரவின.

இவற்றின் வலிமையை நம்மில் கற்றவர்களைவிட அன்னியத் துரைத்தனம் நன்கு அறிந்திருந்தது. குற்ற விசாரணைச் சட்டத்தின் 99ஏ பிரிவு ஒன்று போதும். எந்தப் புத்தகத்தையும் ராஜத் துரோகம் என்று பறிமுதல் செய்யலாம். 1928-இல் பாரதியார் பாடல்களே பறிமுதலாயின. சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து அதைக் கண்டித்துப் போராடினார். நாடு முழுவதும் கிளர்ச்சி நடந்தது. 1931-இல் அவசரகால அச்சுச் சட்டம் வந்து கயிற்றை இன்னும் இறுக்கியது. பாரதியாருக்காக வாதாடச் சட்டசபை இருந்தது. ஆனால் காலணாப் பாட்டு எழுதிப் பறிமுதலான பெயர் தெரியாத கவிராயருக்காக யார் எழுந்து பேசினார்கள்?

1931 மார்ச் 23-ஆம் நாள் லாகூர்ச் சிறையில் பகத் சிங், சுகதேவ், ராஜகுரு மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். சில வாரங்களுக்குள் தமிழ்நாட்டுத் தெருக்களில் பகத் சிங் பாட்டுகள் ஒலித்தன. லாகூர் எங்கே, நம் கிராமம் எங்கே! பஞ்சாபி இளைஞன் ஒருவனுக்காகத் தமிழ்ப் பெண்கள் ஒப்பாரி மெட்டில் அழுதார்கள் என்றால், ‘தேசம்’ என்னும் சொல்லுக்கு அவர்கள் உள்ளத்தில் பொருள் உண்டாகிவிட்டது என்பதே அதன் கருத்து. தலைவர்களின் பிரசங்கம் செய்ய முடியாததைச் சிந்துப் பாட்டு செய்தது.

நமது பாட்டி பகத் சிங்கின் பெயரை அறிந்தது அப்படித்தான். அந்த வருஷத் தேர்த் திருவிழாவில் யாரோ பாடி விற்ற புத்தகம் ஒன்றை அவள் வாங்கி வந்தாளாம். இரண்டு நாள் மைத்துனனை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாளாம். மூன்றாம் நாள் அவளுடைய மாமனார் அதைக் கண்டு, போலீஸ் சோதனைக்கு அஞ்சி, அடுப்பில் போட்டுவிட்டார்.

“காகிதம்தானே எரிஞ்சுது, ராசா? பாட்டு எங்கே எரியும்?” என்பாள் பாட்டி.

கடலுக்கு அப்பால்

நம்மவர் சென்ற இடமெல்லாம் இப்புத்தகங்களும் சென்றன. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பலேறிய தொழிலாளரின் மூட்டையில் ஒரு மாற்று வேட்டியுடன் ஒரு பாட்டுப் புத்தகமும் இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இது ஒரு போராயுதமாகவே ஆயிற்று. தஞ்சாவூரிலிருந்து சென்று 1931-இல் அங்கே தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்ட கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள், கூட்டங்களில் தாமே பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1940-இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று ஒரு பாட்டுப் புத்தகமும் வெளியிட்டார். பெயரைப் பார்த்தால் கமிஷன் அறிக்கை போல் இருக்கிறது. உள்ளே இருப்பவை தெருப்பாட்டு. கொழுந்து கிள்ளும் பெண்ணுக்குத் தன் உரிமையைக் கமிஷன் அறிக்கை எடுத்துச் சொல்லாது, பாட்டு சொல்லும் என்பதை அவ்வம்மையார் அறிந்திருந்தார்.

மறைந்ததும் எஞ்சியதும்

1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ வெளிவந்து, தமிழ்ப் படம் பேசத் தொடங்கிற்று. காளிதாஸ மகாகவியின் கதையில் காந்தி மகானின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது என்றால் இன்றைய வாசகர்கள் நகைக்கக்கூடும். அது பாஸ்கரதாஸ் இயற்றியது. தெருவின் பாட்டு அப்படியே திரைக்குப் போனதற்கு அடையாளம். நாளடைவில் சினிமாப் பாட்டுப் புத்தகம் குஜிலிப் புத்தகத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு வானொலி வந்தது. தினசரிகள் கிராமத்துத் தேநீர்க் கடையை எட்டின. கொலைச் சிந்து மட்டும் பஸ் நிலையங்களிலும் ரயில் வண்டிகளிலும் இன்னும் சில காலம் தாக்குப் பிடித்து, அதுவும் ஓய்ந்தது.

எஞ்சியது என்ன? இங்கேதான் வாசகர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சான ஒவ்வொரு புத்தகத்திலும் பிரதி சர்க்காருக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அவ்விதம் சேர்ந்தவற்றில் ஒரு பகுதி லண்டன் நூல்நிலையங்களுக்குக் கப்பலேறிற்று. பறிமுதல் செய்த புத்தகங்களையும் துரைத்தனத்தார் ஒவ்வொரு பிரதி எடுத்துக் கட்டி வைத்தார்கள். ஆகவே நம் தெருவில் பிறந்து, நம் விடுதலைக்காகத் தண்டிக்கப்பட்ட பாட்டைத் தேடி நாம் லண்டனுக்கும் பழைய போலீஸ் கட்டுகளுக்கும் போகவேண்டியிருக்கிறது. தடை செய்தவன் பத்திரப்படுத்தினான். பாடி மகிழ்ந்த நாம் எடைக்குப் போட்டோம்.

விதிவிலக்காகச் சிலர் இருந்தார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர். சென்னையில் பெயர்ப் பலகை எழுதும் சித்திரக்காரராக இருந்தவர். ‘ரோஜா’ என்பது அவருடைய கடைப் பெயர். பெரும் பண்டிதர் என்று பட்டம் பெற்றவரல்லர். ஆனால் மற்றவர் தூக்கியெறிந்த பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என எதையும் விடாமல் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது நூல்களும் இதழ்களுமாகச் சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரால் நூலகம் அமையச் செய்தது. ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 2004-இல் ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலை வெளியிட்டு, இத்துறைக்கு ஒரு நல்ல பெயரையும் கற்றோர் நடுவே ஓர் ஆசனத்தையும் தேடித் தந்தார். மூன்று தெருக்கள் கூடும் இடத்தில் பிறந்த இலக்கியத்துக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

பாட்டியின் பெட்டி

நமது தாத்தா காலமான பிறகு கண்ணாடி அலமாரியின் புத்தகங்களை ஊர் நூல்நிலையத்துக்கு மரியாதையுடன் கொடுத்தோம். ரசீது வாங்கிக்கொண்டோம். அந்தப் பதிப்புகள் இன்றும் பல இடங்களில் கிடைக்கும். பாட்டி போன பிறகு தகரப் பெட்டியைப் பழைய காகிதக்காரரிடம் எடுத்துப் போட்டோம். எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நாம் அப்போது கலாசாலையில் தமிழ் படித்துக்கொண்டிருந்தோம்! ஏட்டுச் சுவடிகள் அடுப்பில் எரிந்த கதையை வகுப்பில் கேட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இதைச் செய்தோம். அந்தப் பெட்டியில் என்னென்ன இருந்தன என்பதற்கு ஒரு ஜாபிதாகூட நம்மிடம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் பழைய நூல்கள் உள்ள ஓர் இடத்தில் உட்கார்ந்து பகத் சிங் பாட்டுகளைத் தேடினோம். கிடைத்தன. பாட்டி பாடியது அவற்றுள் எது, அல்லது எதுவுமே அல்லவா என்று சொல்ல முடியவில்லை. மெட்டு காதில் இருக்கிறது. எந்தச் சொல்லில் அவள் குரல் தழுதழுக்கும் என்பது நினைவிருக்கிறது. சொற்கள்தாம் இல்லை. அடுப்பு எரிக்காத பாட்டை நமது அலட்சியம் எரித்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். வர்ணத்தாள் ஒட்டிய எட்டுப் பக்கப் புத்தகம் ஏதேனும் அதில் கிடந்தால், எடைக்குப் போடாதீர்கள். தக்க நூலகத்தில் சேருங்கள். அதனினும் அவசரமான காரியம் வேறொன்று. வீட்டில் தொண்ணூறு வயதுப் பாட்டியார் யாரேனும் இருந்தால், இன்று பகல் சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் போய் உட்காருங்கள். சிறு வயதில் சந்தையிலோ திருவிழாவிலோ கேட்ட பாட்டு ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அவர்கள் முதலில் வெட்கப்படுவார்கள்; “அதெல்லாம் குப்பை” என்பார்கள்.

காகிதமும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு முறை கேளுங்கள்.